பனிக்கடல் எழுதிய விதி

அந்தாட்டிக்காவில் பனியில் மோதி மூழ்கிய கப்பலில் இருந்த 154 பேரும் உயிர் தப்பினார்கள். குறிஞ்சாக்கேணியின் சிறு நீர்ப்பரப்பில் பாடசாலைப் பிள்ளைகள் மூழ்கினார்கள். இரண்டும் நடந்தது நவம்பர் 23ஆம் திகதியில்.

2007 நவம்பர் 23. அந்தாட்டிக்காவின் தென் ஷெட்லண்ட் தீவுகளுக்கு அருகே, நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறிய சிவப்புக் கப்பல் பனியில் மோதியது. பனியாறுகளையும் பனிப்பாறைகளையும் பார்க்கப் போன பயணிகள், வழிகாட்டிகள், மாலுமிகள் என்று 154 பேர் அதில் இருந்தார்கள். கப்பலுக்குள் நீர் ஏறத் தொடங்கியதும் அத்தனை பேரும் உயிர்காப்புப் படகுகளுக்கும் ரப்பர் படகுகளுக்கும் மாறினார்கள். திறந்த கடலின் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களை நோர்வேயின் 'நோர்ட்நோர்கே' என்ற பயணக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. எக்ஸ்ப்ளோரர் அன்றே கடலடிக்குப் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

2021 நவம்பர் 23. திருகோணமலை மாவட்டம், கிண்ணியா, குறிஞ்சாக்கேணி. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் காலை நேரம். பழைய பாலம் அகற்றப்பட்டுவிட்டது, புதிய பாலத்தின் வேலை முடியவில்லை. அக்கரை போகச் சனம் ஆட்களை ஏற்றிக் கடக்கும் ஒரு படகுப்பாதையை நம்பியிருந்தது. அந்தப் படகுப்பாதை கவிழ்ந்தது. ஊரவர்களும் கடற்படையினரும் நீரில் குதித்துக் கிடைத்தவர்களைத் தூக்கினார்கள். அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள்.

திகதி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் உலகின் மிகக் குளிர்ந்த, மிகத் தொலைவான கடலில் எல்லோரும் பிழைத்ததும், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும் களப்பில் பிள்ளைகள் இறந்ததும் தற்செயலாக நடந்தவை அல்ல. பனிக்கடலில் பயணிக்கும் மனிதருக்கென்று நூறாண்டுக்கு மேலாக எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் எப்படிப் பிறந்தன, ஒரு பனிக்கடல் பயணத்தில் அவை எப்படி வேலை செய்கின்றன, நம் துறைக்கு அவை ஏன் வந்து சேரவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பனி கடலுக்கு வரும் வழி

பனியாறு மழை நாட்டுக்காரராகிய நமக்குப் பழக்கமில்லாதது. ஆண்டு முழுவதும் விழும் பனி உருகி முடியாமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேல் அடுக்கின் பாரம் கீழ் அடுக்கை அழுத்த, துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி, மிச்சக் காற்று சிறு குமிழிகளாகச் சிறைப்பட்டு, பனி இறுகிய கட்டியாகிறது. தடிப்புப் போதுமான அளவு ஏறியதும் அந்தக் கட்டி தன் பாரத்தாலேயே சரிவை நோக்கி நகரத் தொடங்குகிறது. கண்ணுக்கு அசையாததாகத் தெரியும் அது உண்மையில் ஆறுதான். கிறீன்லாந்தின் மேற்குக் கரையில் இலுலிசாட் ஊருக்கு அருகே கடலை அடையும் செர்மெக் குயாலெக் என்ற பனியாறு, அதன் வேகம் உச்சத்தில் இருந்த காலத்தில், நாளொன்றுக்கு 40 மீற்றருக்கு மேல் நகர்ந்தது. அந்தப் பனிக்குடாவை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

பனியாறு கடலைத் தொடும் இடத்தில் அதன் முகம் உடைந்து விழுகிறது. உடைந்த துண்டுகளே பனிப்பாறைகள். பனியின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிடச் சற்றே குறைவு. அதனால் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்க, ஒரு பங்குதான் வெளியே தெரிகிறது. பழைய, இறுகிய பனி நீல நிறம் காட்டும். ஒளியின் சிவப்புப் பகுதியை அது விழுங்கிக்கொள்ள, நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. படகின் எஞ்சினை நிறுத்திவிட்டுச் செவிகொடுத்தால் உருகும் பனியிலிருந்து சோடா போத்தல் திறந்ததைப் போன்ற சிறு இரைச்சல் கேட்கும். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த காற்றுக் குமிழிகள் வெடித்து வெளியேறும் சத்தம் அது.

இந்த அழகைத் தேடித்தான் மனிதர் போகிறார்கள். 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவர் சுற்றுலாப் பயணிகளை அந்தாட்டிக்காவுக்கு அழைத்துப் போனார். 1969இல் இதற்கென்றே ஒரு கப்பலைக் கட்டுவித்தார். 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் கடலில் இறங்கிய அந்தக் கப்பல்தான் 2007இல் மூழ்கியது. இன்று அந்தாட்டிக்காவுக்கு மட்டும் ஒரு பருவத்தில் போகிறவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கிறீன்லாந்து, ஸ்வால்பார்ட், அலாஸ்கா, நோர்வேயின் நீண்ட மேற்குக் கரை என்று பனிக்கரைப் பயணங்கள் பெருகியிருக்கின்றன. கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவர்களுக்கு இவை இப்போது கோடை விடுமுறைத் தூரம். திருகோணமலையில் இருக்கும் உறவுகளின் கைபேசிக்குப் பனிப்பாறைப் படங்கள் வந்து சேர்கின்றன.

படத்தில் வராத ஒழுங்கு

அந்தப் படங்களில் பனி தெரியும், சிரித்த முகங்கள் தெரியும். படம் எடுத்தவர் படகில் ஏறும் முன் கடந்து வந்த ஒழுங்கு தெரியாது.

கப்பல் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனே, அவசர ஒத்திகை நடக்கிறது. எந்த ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும், எந்தப் படகு யாருக்கு, உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லப்படுகிறது. கரைக்குப் போவதற்குச் சிறிய ரப்பர் படகுகள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. ஏற்றிவிடும் மாலுமியும் ஏறுகிறவரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். விரல் நழுவினாலும் பிடி நழுவாது என்பதே காரணம். கப்பலை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் பதியப்படும், திரும்பி ஏறும்போது மீண்டும் பதியப்படும். கணக்கில் ஒருவர் குறைந்தாலும் கப்பல் நகராது.

கரையிலும் கட்டுப்பாடுதான். அந்தாட்டிக்கப் பயண நிறுவனங்கள் 1991இல் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தன. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது என்பவை இன்று அங்கே நடைமுறையில் உள்ள விதிகள். அந்தாட்டிக்கத் தீபகற்பத்தில் நெக்கோ துறை என்று ஓர் இடம் உண்டு. எதிரே பனியாற்றின் முகம் உடைந்து விழும்போது எழும் அலை கரைமேல் ஏறி வரும். அதனால் நீரோரம் நிற்கக் கூடாது, உடையும் சத்தம் கேட்டதும் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று வழிகாட்டிகள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட கிண்ணியா மக்களுக்கு அந்த எச்சரிக்கையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பனிப்பாறையை எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கும் கனடாவில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பாறையின் நீளம், அல்லது அதன் உயரத்தின் இரண்டு மடங்கு, இவற்றில் எது பெரிதோ அந்த அளவு விலகி நிற்க வேண்டும். நீருக்குள் இருக்கும் பகுதி உருகி எடை மாறினால் பாறை முன்னறிவிப்பின்றிப் புரளும். புரண்டால் அருகிலிருக்கும் படகு மிஞ்சாது. பெரிய பாறையைவிட ஆபத்தானவை நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர்கூட உயராத சிறு துண்டுகள். ராடாரில் அவை எளிதில் சிக்குவதில்லை.

இவ்வளவு இருந்தும் தவறு நடக்கத்தான் செய்கிறது. எக்ஸ்ப்ளோரர் விபத்தை விசாரித்த லைபீரியக் கடல்சார் அதிகாரிகள், பனித்திரளுக்குள் கப்பலைச் செலுத்திய தலைவரின் முடிவே முதற்காரணம் என்று கண்டார்கள். அன்று கடல் அமைதியாக இருந்ததும் உதவியது. ஆனாலும் மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதிகள் அங்கே இருந்தன. எல்லோருக்கும் படகில் இடம் இருந்தது. எல்லோருக்கும் அங்கி இருந்தது. அபாய அழைப்பைக் கேட்கும் தூரத்தில் வேறு கப்பல்கள் இருந்தன. ஒருவரின் தவறு 154 பேரின் சாவாக மாறாமல் இவைதான் காத்தன.

1,500 உயிர்கள் கொடுத்த விலை

இந்த விதிகள் யாருடைய நல்ல மனத்திலிருந்தும் தாமாகப் பிறக்கவில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு, இன்றைய கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, டைட்டானிக் ஒரு பனிப்பாறையில் மோதியது. கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் இருந்த இடம் 1,178 பேருக்கு மட்டுமே. அந்தக் காலத்துச் சட்டப்படி அது குற்றமில்லை. பல மைல் தொலைவில் நின்ற 'கலிபோர்னியன்' என்ற கப்பலில் வானொலி இயக்குநர் உறங்கப் போய்விட்டார், அபாய அழைப்பு அங்கே எட்டவில்லை. 1,500க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் 1914இல் நாடுகள் கூடி, கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை எழுதின. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம், இடைவிடாத வானொலிக் காவல், வட அத்திலாந்திக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் பன்னாட்டுப் பனிக்காவல். அந்தக் காவல் இன்றும் நடக்கிறது. 48ஆம் அகலக்கோட்டைத் தாண்டித் தெற்கே வரும் பாறைகளை அவர்கள் எண்ணுகிறார்கள். 1984இல் 2,202 பாறைகள் வந்தன. 1966இல் ஒன்றுகூட வரவில்லை. பனிக்கடல் ஓர் ஆண்டைப் போல மறு ஆண்டு இருப்பதில்லை. அதனாலேயே காவலுக்கு ஓய்வில்லை.

உடன்படிக்கை பலமுறை திருத்தப்பட்டது. திருத்தங்களும் சாவுகளைப் பின்தொடர்ந்தே வந்தன. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணக் கப்பல் சரிந்து 32 பேர் இறந்த பிறகே, அவசர ஒத்திகையைப் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்த வேண்டும் என்ற விதி கட்டாயமாயிற்று. அதுவரை 24 மணி நேர அவகாசம் இருந்தது.

பனிப்பாறைப் பாதையில் 155 தமிழர்

டைட்டானிக்கை மூழ்கடித்ததைப் போன்ற பாறைகள் கிறீன்லாந்திலிருந்து பாஃபின் குடாவைச் சுற்றி, லாப்ரடோர் நீரோட்டத்தோடு தெற்கே மிதந்து வரும். இரண்டு மூன்று ஆண்டுப் பயணம் அது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் அவற்றைக் கண்டு வரப் படகுகள் புறப்படுகின்றன. டுவிலிங்கேட், பொனவிஸ்டா போன்ற மீனவ ஊர்களுக்கு இன்று அது ஒரு பிழைப்பு.

அதே கரையில்தான் 1986 ஓகஸ்ட் 11 அன்று இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மூடுபனிக்குள் தத்தளித்தார்கள். ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. போரிலிருந்து தப்பி ஓடியவர்கள். எந்தத் திசையில் நிலம் என்று தெரியாது. செயின்ட் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால் மீன்பிடிக்கப் போயிருந்த கஸ் டோல்டன் என்ற படகுத் தலைவர் அவர்களைக் கண்டார். யார், எந்த நாடு, எதற்கு வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. கரையோரக் காவல்படைக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தம் படகில் ஆட்களை ஏற்றத் தொடங்கினார். மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்து சேர்ந்தன. 155 பேரும் பிழைத்தார்கள். கனடாத் தமிழரின் வரலாற்றில் அந்த நாளுக்கு நிலைத்த இடம் உண்டு. முப்பது ஆண்டு கழித்து, 2016இல், பிழைத்தவர்களில் சிலர் நன்றி சொல்ல அதே கரைக்குத் திரும்பிப் போனார்கள்.

டோல்டன் காட்டிய அறத்துக்கும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அந்த உடன்படிக்கையில் இடமுண்டு. கடலில் ஆபத்திலிருக்கும் எவரையும், அவர் யாராக இருந்தாலும், அருகிலுள்ள படகுத் தலைவர் காப்பாற்ற வேண்டும். நம் கடலோடிகளுக்கும் அது புதிதல்ல. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரொஹிங்கிய அகதிகளோடு தவித்த படகை முதலில் கண்டவர்கள் மீனவர்கள். கடற்படை அந்த மக்களைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. மனிதரை நீரிலிருந்து தூக்கும் கை நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. குறிஞ்சாக்கேணியிலும் அந்தக் கைகள் நீண்டன. மனிதர் நீரில் விழாமல் தடுக்கும் ஒழுங்குதான் நம்மிடம் இல்லை.

நம் துறையில் விதி ஏன் இல்லை

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் 1914இல் தொடங்கிய விதிகள் பொருந்தும். அதே துறைமுகத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, பாடசாலைப் பிள்ளை ஏறும் படகுப்பாதைக்கு அவை பொருந்தாது. காரணம் எளிது. அந்த உடன்படிக்கை நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது. ஒரு நாட்டுக்குள் ஓடும் படகுகளை அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டுவிட்டது.

அந்தப் பொறுப்பு கைவிடப்பட்ட இடங்களில் நடந்தவற்றை நாம் வரிசையாகச் சொல்ல முடியும். 2007 பெப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பாடசாலைச் சுற்றுலா வந்த பிள்ளைகளின் படகு மூழ்கியது. 2011 டிசம்பர் 25 அன்று தமிழ்நாட்டின் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் மீண்டும் 22 பேர். இவற்றில் எங்கும் பனி இல்லை, நடுக்கடல் இல்லை. ஏரி, ஆறு, களப்பு. குறுகிய தூரம் என்ற நம்பிக்கையில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதும், அங்கி இல்லாமல் அனுப்புவதும், எண்ணிப் பார்க்காமல் புறப்படுவதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. குறிஞ்சாக்கேணி விபத்தின்போதும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததும்தான் பேசப்பட்டன.

கிண்ணியாவின் வரலாறே நீரைக் கடந்த வரலாறு. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்த ஊரைத் திருகோணமலை நகரோடு இணைத்தது படகுப்பாதையே. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வந்த பிறகும் உட்கிராமங்களின் சிறு துறைகள் அப்படியே இருந்தன. பாலம் கட்டும் காலம் நீள நீள, தற்காலிகம் என்று விடப்பட்ட படகுப்பாதையே அன்றாடமாகிவிடுகிறது. அன்றாடமானதை யாரும் ஆபத்தாகப் பார்ப்பதில்லை. நவம்பர் மழைக்காலத்தின் மாதம். களப்பில் நீர் ஏறி, ஓட்டம் கூடியிருக்கும் காலம்.

இனி வரும் காலம் இந்தக் கரைக்கு மேலும் கடினமானது. கிறீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரும். அவ்வளவும் நம் ஆயுளில் உருகாது. ஆனால் உருகும் ஒவ்வொரு பங்கிலும் நமக்கு அதிகம் வரும். பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது குறையும்போது அருகிலுள்ள கடல் தாழ்ந்து, தொலைவிலுள்ள வெப்பநாட்டுக் கடல்கள் உலகச் சராசரியைவிட அதிகம் உயரும். கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் ஒட்டிய தாழ்நிலங்களில் வாழும் சனம் நாளைக்கு இன்றையதைவிட அதிகம் படகை நம்ப வேண்டி வரலாம். அதற்குள் படகை நம்பத்தக்கதாக ஆக்கிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்

விதியைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. உள்நாட்டுப் படகுச் சேவைகளுக்கான மாதிரி விதிகளைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2022இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த நாடும் தன் நிலைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சாக்கேணி நடந்த சில மாதங்களில் வந்த விதிகள் அவை. அரசு அவற்றைச் சட்டமாக்க வேண்டும். படகுப்பாதைக்கு அனுமதி கொடுப்பவர் யார், பரிசோதிப்பவர் யார், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு பொறுப்பானவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டும் நிலை இனி எந்தத் துறையிலும் வரக் கூடாது. பாலம் ஒன்றை உடைக்கும் முன், அது மீண்டும் எழும் நாள்வரை பாதுகாப்பான மாற்றுவழிக்கான பணம் ஒப்பந்தத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை வேண்டும். பிள்ளைகளின் உடம்புக்கு அளவான அங்கிகள் வேண்டும். பெரியவர்களின் அங்கி பிள்ளையைக் காக்காது, தலைவழியே கழன்றுவிடும். படகு நகரும் முன் ஒருவர் நின்று ஆட்களை எண்ண வேண்டும். மழையிலும் ஓட்டம் கூடிய நேரத்திலும் படகை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். படகு ஓடும் நேரமெல்லாம் மீட்புக்கென்று இன்னொரு வள்ளம் கரையில் ஆயத்தமாக நிற்க வேண்டும். நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்கும், திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்கவும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுகளுக்கும் இதே அளவுகோல்தான். வெளிநாட்டுப் பயணிக்குக் கொடுக்கும் அங்கி கிண்ணியாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு கோரிக்கை. நியூபவுண்ட்லாந்திலோ நோர்வேயிலோ பனிப்பாறை பார்க்கப் போகும்போது அங்கே உங்களை எப்படி ஏற்றினார்கள், எப்படி எண்ணினார்கள், எந்த நேரத்தில் பயணத்தை நிறுத்தினார்கள் என்பதையும் கவனித்து வாருங்கள். ஊர்ப் பாடசாலைக்கும் மீனவர் சங்கத்துக்கும் அதைச் சொல்லுங்கள். ஒரு துறைக்கு இருபது சிறுவர் அங்கிகள் வாங்கிக் கொடுப்பது பல குடும்பங்கள் சேர்ந்தால் தாங்கக்கூடிய செலவு. நம் ஊர்களுக்கு நீங்கள் கட்டிக் கொடுத்த எத்தனையோ மண்டபங்களைவிட அது அதிக உயிர்களைக் காக்கும்.

பனிக்கடலில் பயணிகளைக் காக்கும் விதி 1,500 பேரின் சாவில் எழுதப்பட்டது. குறிஞ்சாக்கேணி தன் பங்குக்குப் பிள்ளைகளையே கொடுத்துவிட்டது. இலங்கையின் உள்நீர்ப் படகுகளுக்கான சட்டத்தை எழுத இதற்கு மேல் யாரும் இறக்க வேண்டியதில்லை. கிழக்கு மாகாணத்தின் மக்கள் பிரதிநிதிகள் அதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வரும் பருவமழைக்கு முன் அது நடக்க வேண்டும்.